யார் விதித்த வரி?

ஜும்ஆத் தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கையிலுள்ள கடிதத்தை உயர்த்திப் பிடித்து, "இன்ன ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்த இன்னார், மூன்று குமர்களின் தகப்பனார், மூத்த குமரின் காரியத்துக்காக உங்களை நாடி வந்திருக்கிறார்" என்று அறிவிப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வெளிவாசலில் அம்மனிதர் ஒரு துண்டை விரித்துத் தலைகவிழ்ந்து நிற்பார். நாமும் சட்டைப்பையைத் தடவி, கைக்கு அகப்பட்டதைப் போட்டுவிட்டு, நன்மையொன்று செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்புவோம். அந்தத் துண்டில் விழும் பணம் இறுதியில் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணியோடு, நிகாஹ் ஓதுவதும் இத்தகைய கடிதங்கள் எழுதித் தருவதும் பல ஆண்டுகளாக நம் தலையில் விழுந்த வேலைகள். அண்மையில் ஒருநாள் அஸருக்குப் பின் நம் மஹல்லாவின் தையற்காரர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், நல்லாத் தமிழ்ல ஒரு கடுதாசி எழுதித் தாங்க. நாலு ஊருக்குப் போகணும்" என்றார். எவ்வளவு தேவை என்றோம். பத்துப் பவுன் என்றார். பத்துப் பவுன் எதற்கு, ஐந்து போதாதா என்றோம். அதற்கு அவர் சொன்ன மறுமொழியே இக்கட்டுரையை எழுத வைத்தது:

"அஞ்சுன்னா வாசப்படி ஏற மாட்டேங்குறாங்க, ஹஜ்ரத். எதுத்த வீட்டு ஹாஜியார் மகளுக்கு நூறு பவுன் போட்டாங்கள்ல? அந்தத் தெருவுல பொண்ணு எடுக்குறோம், பத்துகூட இல்லாமலான்னு கேக்குறாங்க."

எதிர்வீட்டு நிகாஹையும் ஓதியவர் நாம்தாம். நூறு பவுன் போட்டதை நாமும் அறிவோம். பரக்கத்துக்காக துஆ கேட்டு, விருந்துண்டு, உறையொன்றையும் பெற்றுக்கொண்டு வந்தோம். அவ்வீட்டார் அன்று எதிர்வீட்டுத் தையற்காரர் மீது பத்துப் பவுன் வரி விதித்தனர் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

ஆம், வரி என்றே சொல்லுகிறோம். அரசாங்கம் விதிக்கும் வரிக்கு ஒரு சட்டம் உண்டு. மன்றத்தில் விவாதம் உண்டு. முறையீடு செய்ய இடம் உண்டு. இந்த வரிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. செல்வர் வீட்டுப் பந்தலில் அது அறிவிக்கப்படுகின்றது. ஏழை வீட்டு அடுப்படியில் அது வசூலாகின்றது.

விலையேற்றம் இரு வீடுகளில்

நாட்டின் செல்வம் எவ்வாறு பங்காகியிருக்கின்றது என்பதை முதலில் காண்போம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தைச் சேர்ந்த பொருளியலறிஞர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23ஆம் ஆண்டில் இந்திய மக்களுள் மேல்தட்டு நூற்றுக்கு ஒருவர் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காட்டையும், செல்வத்தில் 40.1 விழுக்காட்டையும் தம் வசம் வைத்திருந்தனர். கீழ்ப்பாதி மக்கள் அனைவரும் சேர்ந்து பெற்ற வருமானம் 15 விழுக்காடு. அவர்களுக்குரிய செல்வமோ வெறும் 6.4 விழுக்காடு. நூறு பேர் அமர்ந்த பந்தியில் ஒருவர் இலையில் நாற்பது பங்கும், ஐம்பது பேர் இலைகளில் ஆறரைப் பங்கும் பரிமாறப்பட்டால் அதை எந்த ஊரார் விருந்தென்று ஒப்புவர்?

இந்த எண்கள் டில்லிக்கும் பம்பாய்க்கும் உரியவை, நம் தெருவுக்கு உரியவை அல்ல என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருவின் கணக்கையே பார்ப்போம். 2020 ஆகஸ்டில் சென்னையில் ஆபரணத் தங்கத்தின் விலை பவுனுக்கு 40,000 ரூபாயைக் கடந்து நின்றது. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைக் கடந்தது. பெட்டகத்தில் நூறு பவுன் வைத்திருந்த வீட்டார் இந்த ஐந்தாண்டுகளில் ஒரு விரலையும் அசைக்கவில்லை. அவர்தம் செல்வம் நாற்பது இலட்சத்திலிருந்து தொண்ணூறு இலட்சமாயிற்று. பத்துப் பவுன் வாங்க வேண்டிய தையற்காரரோ இரவு பகலாய்த் தையல் இயந்திரத்தை மிதித்தார். அவர்தம் சுமை நான்கு இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சமாயிற்று. விலையேற்றம் ஒன்றுதான். ஒரு வீட்டில் அது வரவு, மறுவீட்டில் கடன்.

கூலியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2020-21இல் 256 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். முன்பு ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 156 நாட்கூலி தேவைப்பட்டது. பின்பு 268 நாட்கூலி தேவைப்பட்டது. ஒரு பொழுதும் உண்ணாமல், உடுத்தாமல், மருந்து வாங்காமல் முழுக் கூலியையும் சேர்த்தாலும் பத்துப் பவுனுக்கு ஈராயிரத்து அறுநூறு நாட்களுக்கு மேல் உழைக்க வேண்டும். அதற்குள் குமருக்கு முதுமை வந்துவிடாதா?

ஏழை வீட்டின் உள்ளே

இந்த வரியை ஏழை வீடு எவ்வாறு செலுத்துகின்றது? முதலில், எட்டாவதும் பத்தாவதும் படித்த பெண்ணின் படிப்பு நிறுத்தப்படுகின்றது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் தாயும் மகளும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றுகின்றனர். குனிந்த கழுத்தும் புகையிலைத் தூள் படிந்த நெஞ்சும் அவர்களுக்கு மிஞ்சுகின்றன. பிள்ளைகளின் தட்டிலிருந்து மீனும் முட்டையும் மறைகின்றன. தகப்பனாரின் நோய்க்கு வைத்தியம் "காரியம் முடியட்டும்" என்று தள்ளிப்போடப்படுகின்றது. மகன் கடன்பட்டு விசா வாங்கி அரபு நாட்டுக்குப் போகின்றான். அங்கே அவன் உழைக்கும் முதலிரண்டு ஆண்டுகள் போன செலவை அடைக்கவும், அடுத்த ஆண்டுகள் தங்கையின் நகைக்கும் போய்விடுகின்றன.

கடற்கரையூர்களில் இன்னொரு சுமையும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். மணமான பெண் தன் தாய்மனையின் அரவணைப்பிலேயே வாழ வேண்டும் என்ற நல்ல நோக்கம் அவ்வழக்கில் இருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பணம் நிலத்தின் விலையைத் தூக்கிவிட்ட பிறகு, மூன்று பெண் பெற்றவர் மூன்று வீடு எங்கிருந்து எழுப்புவார்? இருந்த ஒரு வீட்டைச் சுவரெழுப்பிக் கூறுபோடுகின்றார். அதுவும் முடியாதவர் அடகு வைக்கின்றார்.

மனம் பதைக்கும் செய்தி இன்னொன்றுண்டு. அக்காளைக் கரையேற்றக் கடன்பட்ட வீடு, அந்தக் கடனை அடைக்கத் தம்பிக்குக் கைக்கூலி கேட்கின்றது. நேற்று வெட்டுப்பட்டவர் இன்று கத்தியை வாங்கி இன்னோர் ஏழையை வெட்டுகின்றார். "நாங்க மட்டும் என்ன செய்ய? எங்க பொண்ணுக்குக் கொடுத்தோமே!" என்பது அவர் சொல்லும் நியாயம். இப்படிச் சங்கிலியாய்ப் பிணைந்த துன்பத்துக்குத் தலைக்கண்ணி எங்கே இருக்கின்றது? எதிர்வீட்டுப் பந்தலில் இருக்கின்றது.

இப்போது அந்தத் துண்டுக்கு வருவோம். அதில் விழுந்த பணத்தில் ஜகாத்தும் உண்டு, ஸதகாவும் உண்டு. தகப்பனார் அதைத் திரட்டி நகைக்கடையில் கொடுக்கின்றார். மீதியை மாப்பிள்ளை வீட்டில் கொடுக்கின்றார். அவர் வீட்டில் ஓரிரவுகூட அது தங்குவதில்லை. செல்வர் கையிலிருந்து ஏழையின் பெயரால் புறப்பட்ட ஜகாத், ஏழையின் தோளில் ஏறி, மீண்டும் பொருளுள்ளோர் கைக்கே திரும்புகின்றது. செல்வம் செல்வருக்குள்ளேயே சுற்றிவரலாகாது என்று திருமறையின் 59ஆம் அத்தியாயம் காரணம் காட்டிப் பங்கீடு செய்கின்றதே, அதற்கு இதைவிடப் பெரிய மாறு வேறென்ன வேண்டும்?

சொல்லப்படும் நியாயங்கள்

இவ்வாறு பேசினால் நமக்குச் சில மறுமொழிகள் கூறப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "ஏற்றத்தாழ்வு அல்லாஹ் வகுத்தது; அதை மாற்ற நீங்கள் யார்?" என்பது. எல்லோர் கையிலும் ஒரே அளவு பொருள் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை. வாணிபத்தை ஆகுமாக்கி, வாரிசுரிமையைப் பங்கு பிரித்துக் காட்டிய மார்க்கம் இது. ஆனால், அதே மார்க்கம் செல்வத்தில் ஏழைக்குள்ள பங்கை 'ஹக்கு' என்றது, உரிமை என்றது. ஒருவருக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது அவருக்குச் சோதனை. தாம் எழுத வேண்டிய தேர்வை ஏழையை எழுத வைத்துவிட்டு, விதி என்று பெயர் சூட்டுவது நேர்மையாகுமா?

இரண்டாவது, "என் பணம், ஹலாலாக உழைத்துச் சேர்த்தது, என் மகளுக்குப் போடுகின்றேன், உமக்கென்ன?" என்பது. உழைத்த பணமென்றே கொள்வோம். ஹலாலான பணத்தை வீண்விரயம் செய்வதும் இஸ்ராஃபே என்பது ஒருபுறமிருக்கட்டும். நகரங்களில் ஆடம்பரம் பெருகும்போது நேற்றைய ஆடம்பரம் இன்றைய தேவையாகி, செலவு வரவை விழுங்கி, மக்கள் வறுமையில் வீழ்கின்றனர் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் விளக்கிச் சென்றார். வழக்கம் என்பது தனிமனிதரின் சொத்தன்று. நீங்கள் மகளுக்கு அணிவித்த நூறு பவுன் அவள் கழுத்தோடு நிற்பதில்லை, தெருவின் அளவுகோலாகிவிடுகின்றது. அந்த அளவுகோலால் அளக்கப்பட்டுக் குறைந்துபோகும் பெண் தையற்காரரின் மகள்.

மூன்றாவது, "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டால் போடட்டும்" என்னும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சு. இதைவிட நயவஞ்சகமான சொல் நம் சமுதாயத்தில் வேறில்லை. கேட்காமலே கொடுத்தாக வேண்டிய நிலையை உண்டாக்கிவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கின்றது? 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நம் மஹரை வரதட்சணையிலிருந்து பிரித்து விலக்களித்தது. மணமகன் பெண்ணுக்குக் கொடுப்பதே நம் மார்க்கம் என்பதை நாட்டின் சட்டம் அறிந்திருந்தது. நாம்தாம் அதைத் தலைகீழாக்கினோம். சில நிகாஹ் பதிவேடுகளைப் புரட்டினால் மஹர் ஆயிரத்தொரு ரூபாய் என்றிருக்கும். பதிவேட்டில் ஏறாத கைக்கூலியோ இலட்சங்களில் இருக்கும்.

நான்காவது, "பெரிய கல்யாணத்தால் சமையற்காரருக்கும் பந்தற்காரருக்கும் பிழைப்பு நடக்கின்றதே!" என்பது. நடக்கின்றது, மறுக்கவில்லை. ஆனால், ஏழைக்குப் பிழைப்புத் தருவதே நோக்கமென்றால் அதற்கு அருகிலேயே வழி இருக்கின்றது. ஐயாயிரம் பேருக்கு பிரியாணி போடும் முதலாளி தம் கடையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பையனுக்கு என்ன சம்பளம் தருகின்றார்? ஒருநாள் விருந்தில் இடம் கேட்டா அப்பையன் நிற்கின்றான்? ஆண்டு முழுதும் தன் வீட்டில் உலை வைக்கப் போதுமான கூலி கேட்டு நிற்கின்றான். அதைக் கொடுத்தால், அவன் தன் தங்கைக்காகப் பள்ளிவாசலில் துண்டு விரிக்க நேராது.

மார்க்கம் காட்டிய முன்மாதிரி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களுக்குக் கொடுத்தனுப்பியவை ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் தண்ணீர்ப்பை, புல் திணித்த ஒரு தலையணை என்று ஹதீஸ் நூல்கள் கூறும். மணமகன் அலீ (ரலி) அவர்களின் போர்க்கவசமே மஹராயிற்று. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மணமுடித்த செய்தியை, அவர்மீதிருந்த மணப்பொருளின் மஞ்சள் தடத்தைக் கண்ட பிறகே பெருமானார் கேட்டறிந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமாக் கொடுக்கச் சொன்னார்கள். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வருள் ஒருவராய் விளங்கியவரின் திருமணம் அல்லாஹ்வின் தூதருக்கே அழைப்பில்லாமல் நடந்தது! நம் காலத்திலோ அழைப்பிதழின் அட்டைக்குச் செலவாகும் பணத்தில் ஓர் ஏழையின் நிகாஹ் முடிந்துவிடும். செல்வரை அழைத்து ஏழையரை விட்டுவிடும் விருந்தே விருந்துகளில் தீயது என்ற கருத்தில் அமைந்த ஹதீஸை எத்தனை முறை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தோம். அத்தகைய விருந்துகளில் எத்தனை முறை முன்வரிசையில் அமர்ந்தோம்!

நகையின் ஜகாத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹனபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் கடமை. ஷாபிஈ மத்ஹபில் ஆகுமான முறையில் அணியும் நகைக்கு விலக்குண்டு. இந்த விலக்கை நம் கடற்கரைச் சகோதரர்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றனர். நாம் பணிவோடு நினைவூட்டுவது இது: அணிவதற்கென்றல்லாமல் சேமிப்பாக வைக்கும் நகைக்கு அந்த மத்ஹபிலும் ஜகாத் உண்டு. வங்கிப் பெட்டகத்தில் உறங்கும் நகை எந்தக் கழுத்துக்கு அணியாகின்றது? மேலும், பெண் அணியும் நகையிலும் எல்லை மீறிய ஆடம்பரம் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் கூறி, 200 தீனார் எடையுள்ள காற்சிலம்பை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றார். 200 தீனார் என்பது இன்றைய எடையில் ஏறத்தாழ 850 கிராம், பவுனில் 106. சட்டத்தின் சலுகையைக் கேட்போர் சட்டத்தின் எச்சரிக்கையையும் கேட்க வேண்டாவா? நூறு பவுனுக்கு ஜகாத் ஆண்டுக்கு இரண்டரைப் பவுன். நூறு பவுன் வீடுகள் பத்து உள்ள ஊரில் ஆண்டுக்கு இருபத்தைந்து பவுன் ஏழையின் உரிமையாகின்றது. அது ஒழுங்காகப் புறப்பட்டால் அவ்வூரில் எத்தனை துண்டுகள் விரிக்கப்படும்?

அரசும் தன் கடமையை மறந்தது. 1953இல் கொண்டுவந்த மரணச் சொத்து வரியை 1985இல் நீக்கினார்கள். 1957இல் கொண்டுவந்த செல்வ வரியை 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கைவிட்டார்கள். 2017 ஜூலை முதல் நடப்பிலுள்ள சரக்கு சேவை வரியில், ஒரே சோப்புக் கட்டிக்குக் கோடீசுவரரும் கூலிக்காரரும் ஒரே வரி செலுத்துகின்றனர். செல்வத்தின் மீது வரி வேண்டுமென்று ஏழைகளின் பக்கம் நின்று கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை. ஆனால், எந்த நாடாளுமன்றமும் நீக்கமுடியாத செல்வ வரி ஒன்று நம்மிடம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கின்றது. நம் வீட்டு வரியை நாமே ஏய்த்துவிட்டு நாட்டு வரியைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

செய்யவேண்டியவை

ஜமாஅத்துப் பெரியவர்கள் முன் சிலவற்றை வைக்கின்றோம். கைக்கூலி வாங்கும் திருமணத்துக்கு ஜமாஅத்தின் பதிவேட்டைத் தர மறுக்கும் ஊர்கள் உள்ளன. நம் ஊரும் அவற்றுள் ஒன்றாகட்டும். முதல் மறுப்பு தலைவரின் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். ஏழையிடம் மட்டும் காட்டும் கண்டிப்பு கண்டிப்பாகாது. நிகாஹ் பள்ளிவாசலில் நடக்கட்டும். பெண்வீட்டு விருந்து ஒழிந்து, மணமகனின் வலீமா ஒன்றே நிலைக்கட்டும். ஜகாத் ஜமாஅத்தில் ஒன்றுதிரட்டப்பட்டு, நகை வாங்கக் கொடுக்கப்படாமல், கடனில் மூழ்கியவரை மீட்கவும், தையல் இயந்திரமும் தொழில்முதலும் வாங்கித் தரவும் பயன்படட்டும். கடன்பட்டோர் ஜகாத் பெறத் தகுந்த எண்வகையினருள் ஒருவர் என்பது திருமறை வகுத்த நெறியன்றோ? கடை முதலாளிகள் தம் ஊழியர் கூலியை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியோடு ஒப்பிட்டு உயர்த்தட்டும்.

ஆலிம்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிறருக்குச் சொல்லுமுன் நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றோம். மிம்பரில் எளிமையைப் பேசிவிட்டு மேடையில் ஆடம்பரத்துக்கு துஆச் செய்தவர் நாம். அந்த துஆவால்தான் அந்த ஆடம்பரத்துக்கு மார்க்கத்தின் முத்திரை கிடைத்தது. நம் சம்பளம் அவர்கள் கையில் இருக்கின்றது என்பது உண்மை. நம் ரிஜ்கு அவர்கள் கையில் இல்லை என்பதும் நாமே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பாடம். கைக்கூலி கைமாறிய திருமணத்தில் இனி நிகாஹ் ஓதுவதில்லை, உறை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கின்றோம். இதனால் வரும் இழப்பை அறிந்தே சொல்லுகின்றோம்.

தையற்காரர் கேட்ட கடிதத்தை நாம் எழுதிக் கொடுத்தோம். மறுப்பதற்கு மனம் வரவில்லை. மூன்று குமர்களை வைத்திருப்பவரிடம் கொள்கை பேசி என்ன பயன்? ஆனால், நாலு ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு அவர் போகுமுன் இன்னொரு கடிதமும் எழுதினோம். அது எதிர்வீட்டு ஹாஜியாருக்கு. "தங்கள் மகளின் நகைக்கு இவ்வாண்டு ஜகாத் இரண்டரைப் பவுன் ஆகின்றது. அதற்குரியவர் தங்கள் வாசலுக்கு எதிரிலேயே இருக்கின்றார். தங்கள் அடுத்த மகளுக்கு இருபது பவுனுக்கு மேல் போடுவதில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டால், இத்தெருவில் இன்னும் எத்தனையோ தகப்பன்மார் துண்டெடுக்காமல் இருப்பார்கள்" என்று எழுதி அனுப்பினோம்.

இதை எழுதும் இன்றுவரை அதற்கு மறுமொழி வரவில்லை. வாசகர்களுள் ஹாஜியார்கள் பலர் இருப்பீர்கள். உங்களில் எவர் வாசலுக்கு எதிரிலும் ஒரு தையற்காரர் இருக்கக்கூடும். கதவைத் திறந்து பாருங்கள். அக்கடிதம் உங்களுக்கும் எழுதப்பட்டதே.

செல்வத்தின் சோதனையில் நம் செல்வர்களையும், வறுமையின் சோதனையில் நம் ஏழைகளையும், நாவின் சோதனையில் நம்மையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.